கேளுங்கள், சொல்கிறோம்: டபுள் பேஸை வீட்டிலேயே சரிசெய்வது

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வயலின் குடும்பத்தின் பெரிய வாத்தியமான டபுள் பேஸ் பற்றியவை. வயலின் பழுது பார்ப்பவர் ஊரில் கிடைத்தாலும் பேஸ் என்றதும் தயங்குகிறார், சென்னைக்கோ பெங்களூருக்கோ ஆளுயர வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை என்பதே எல்லோருடைய குறையும். அதனால் இந்த முறை எல்லாப் பக்கங்களையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

கேள்விகளுக்குப் போகுமுன் ஒரு வார்த்தை. பேஸின் பிரிட்ஜ், உள்ளே நிற்கும் சவுண்ட்போஸ்ட், தந்திகளைப் பிடித்திருக்கும் டெயில்பீஸ் ஆகியவற்றில் பசையே கிடையாது. நாலு எஃகுத் தந்தியும் சேர்ந்து நூறு கிலோவுக்கு மேல் இழுக்கிறதே, அந்த இழுப்புதான் இவற்றை நிறுத்தி வைத்திருக்கிறது. பசை இல்லாத இடத்தில் நீங்கள் தாராளமாகக் கை வைக்கலாம். சரிவரவில்லை என்றால் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடலாம். மரத்தைச் சீவ வேண்டிய இடத்தில் அளந்து அளந்து போங்கள். மரம் விரிசல் விட்டிருந்தால் தந்திகளைத் தளர்த்திவிட்டு, தெரிந்தவரிடம் கொடுங்கள். பிரிட்ஜை வீணைக்காரர்கள் வழக்கப்படி குதிரை என்றே எழுதுகிறோம்.

கேள்வி: எங்கள் சர்ச்சுக்குப் பழைய பேஸ் ஒன்று வாங்கினோம். தந்தி மிக உயரத்தில் நிற்கிறது. அரை மணி நேரம் வாசித்தால் இடது கை மரத்துப்போகிறது. குதிரையில் உயரம் மாற்றும் சக்கரமும் இல்லை. நானே இறக்க முடியுமா ஐயா?
(வாசகர், நாகர்கோவில்)

முடியும். ஆனால் அரத்தை எடுப்பதற்கு முன் ஸ்கேலை எடுங்கள். ஃபிங்கர்போர்ட் (இடது கை விரல்கள் தந்தியை அழுத்தும் பலகை) முடியும் இடத்தில், அந்தப் பலகையின் மேற்பரப்பிலிருந்து தந்தியின் அடிப்பாகம் வரை எத்தனை மில்லிமீட்டர் என்று நாலு தந்திக்கும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எஃகுத் தந்தி, பெரும்பாலும் விரலால் மீட்டுவது என்றால் மெல்லிய ஜி தந்தி 5 முதல் 6, தடித்த ஈ தந்தி 8 முதல் 9 மி.மீ. போதும். வில்லும் நிறையப் போடுவீர்கள் என்றால் ஜி 6 முதல் 7, ஈ 9 முதல் 10 வரை இருக்கட்டும். தடித்த தந்தி அகலமாக அதிர்வதால் அதற்கு இடம் அதிகம் வேண்டும். சர்ச்சில் பாடற்குழுவோடு இரண்டும் கலந்து வாசிப்பீர்கள் என்பதால், ஜி 6, ஈ 9 என்று வைத்துக்கொண்டு தொடங்கலாம்.

அடுத்துப் பார்க்க வேண்டியது குதிரை அல்ல, நட். தலைப்பக்கம், ஃபிங்கர்போர்ட் தொடங்கும் இடத்தில் தந்திகள் ஏறிவரும் கருங்காலித் துண்டு அது. பழைய பேஸ்களில் கை வலிக்குப் பாதிக் காரணம் இங்கேதான் இருக்கும், ஆனால் எல்லோரும் குதிரையைத்தான் குறை சொல்வார்கள். நட்டை ஒட்டினாற்போல் தந்திக்கு அடியில் ஒரு விசிட்டிங் கார்டை நுழையுங்கள். ஒரு கார்டு தாராளமாகவும் இரண்டு கார்டு தொட்டும் தொடாமலும் போனால் சரி. நாலைந்து கார்டு போகிறதென்றால் முதல் பொசிஷனில் நீங்கள் வீணாக இரும்பைப் பிசைந்துகொண்டிருக்கிறீர்கள்.

நட் பள்ளத்தை ஆழமாக்க எலிவால் அரம் வேண்டும். அந்தந்தத் தந்தி அளவுக்கு அரம் இல்லையென்றால், தந்தியைவிடக் கொஞ்சம் மெல்லிய டிரில் பிட்டின் வழவழப்பான தண்டில் 220 நம்பர் உப்புத்தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள். ஒரு தந்தியை மட்டும் தளர்த்தி ஓரமாக நகர்த்தி, நாலைந்து தேய்ப்பு, மறுபடி தந்தியை ஏற்றி கார்டால் அளவு, மறுபடி தேய்ப்பு. பள்ளம் தலைப்பக்கமாகச் சரிய வேண்டும். தந்தி நட்டின் ஃபிங்கர்போர்ட் பக்க விளிம்பில்தான் கடைசியாகத் தொட வேண்டும். சரிவு தலைகீழாகிவிட்டால் விரல் வைக்காத திறந்த தந்தி தம்புரா போல் இரையும். பள்ளத்தின் அடி வட்டமாக, தந்தியின் பருமனில் பாதி ஆழத்துக்கு இருந்தால் போதும். கடைசியில் 4பி பென்சிலைப் பள்ளத்தில் நன்றாகத் தேய்த்துவிடுங்கள். கரி படிந்த பள்ளத்தில் தந்தி வழுக்கி ஓடும், சுருதி சேர்க்கும்போது 'டிக்' என்று குதிக்காது.

கை மீறி ஆழமாகிவிட்டதா? நட்டை மெல்லத் தட்டிக் கழற்றி, அடியில் தேவையான தடிமனுக்கு மரச்சீவல் ஒன்றை ஒட்டி உயர்த்துவதுதான் முறை. கருங்காலித் தூளைப் பள்ளத்தில் கெட்டித்து சூப்பர் குளூ சொட்டவிட்டு மறுபடி அரத்தால் வெட்டினால் சில மாதம் தாங்கும். அடுத்த வாரம் கச்சேரி என்றால் அதைச் செய்யுங்கள்.

நட் சரியான பிறகும் உயரம் குறையவில்லை என்றால்தான் குதிரை. இதில் ஒரு கணக்கு இருக்கிறது. குதிரையில் 5 மி.மீ. வெட்டினால் ஃபிங்கர்போர்ட் முனையில் ஏறக்குறைய 4 மி.மீ. இறங்கும். பேஸில் நட்டிலிருந்து குதிரை வரை தந்தியின் நீளம் சுமார் 105 செ.மீ., ஃபிங்கர்போர்ட் முடிவது சுமார் 85 செ.மீட்டரில் என்பதால் வரும் விகிதம் இது. இப்போது ஜி 10 மி.மீ. இருந்து 6 ஆக்க வேண்டுமானால் குதிரையில் ஜி பக்கம் 5 மி.மீ. கோடு போடுங்கள். ஆனால் முதல் தடவை 4 மட்டும் வெட்டி, தந்தி ஏற்றி வாசித்துப் பாருங்கள். வெட்டியதை ஒட்ட முடியாது.

குதிரையைக் கழற்றுமுன் அதன் கால்கள் நிற்கும் இடத்தை மெல்லிய பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். டேப் ஒட்டாதீர்கள், பழைய வார்னிஷ் அதோடு உரிந்து வந்துவிடும். பேஸைக் கம்பளத்தில் மல்லாத்தி, டெயில்பீஸ் அடியில் மடித்த துண்டு ஒன்றை வையுங்கள். தந்தி தளர்ந்ததும் அது விழுந்து மேல்பலகையில் குழி போடாமலிருக்க இது. குதிரையின் மேல் வளைவை ஒரு அட்டையில் அப்படியே வரைந்து வெட்டி எடுத்து, அதைக் கீழே இறக்கி வைத்துப் புதுக் கோடு போடுங்கள். கண்ணளவில் வெட்டினால் நடுத் தந்திகள் பள்ளத்தில் விழும், வில் ஒரே நேரத்தில் இரண்டு தந்தியைத் தொடும். தந்திகளுக்கு நடுவே 28 மி.மீ. இடைவெளி, மையத்திலிருந்து மையத்துக்கு.

குதிரை கீழிருந்து மேலே மெலிந்துகொண்டே வரும் மரம். அதனால் மேலே வெட்டியதும் விளிம்பு தடித்துவிடும். அப்படியே விட்டால் ஓசை மந்தமாகும். ஃபிங்கர்போர்டைப் பார்க்கும் முகத்தை மட்டும் இழைத்து, விளிம்பு சுமார் 5 மி.மீ. ஆகும் வரை மெலிதாக்குங்கள். டெயில்பீஸைப் பார்க்கும் முகத்தைத் தொடவே வேண்டாம், அது தட்டையாக இருப்பதை வைத்துத்தான் குதிரை நேராக நிற்கிறதா என்று பார்க்கிறோம். கால்களின் அடிப்பாகத்தையும் தொட வேண்டாம். மேல்பலகையின் வளைவுக்கு ஏற்ப யாரோ மணிக்கணக்கில் செதுக்கிய இடம் அது.

கேள்வி: ஐப்பசி, கார்த்திகை மழையில் தந்தி உயர்ந்துவிடுகிறது. ஏசி போட்ட ரெக்கார்டிங் அறையில் நாலைந்து நாள் இருந்தால் இறங்கி, ஃபிங்கர்போர்டில் அடிக்கிறது. என் குதிரையில் அலுமினியச் சக்கரங்கள் உண்டு. எவ்வளவு திருப்பலாம்?
(வாசகி, சென்னை)

உங்களுடையது செதுக்கிய மேல்பலகை என்று தெரிகிறது. பிளைவுட் பேஸ் இவ்வளவு ஆடாது. மேல்பலகை செய்யும் ஸ்ப்ரூஸ் மரம் ஈரத்தில் குறுக்கே பருக்கும், நீளவாக்கில் ஏறக்குறைய மாறாது. இரண்டு பக்கமும் ஒட்டப்பட்ட பலகை பருத்தால் போக்கிடம் இல்லாமல் நடுவில் மேலே எழும்பும், குதிரையையும் தூக்கும். ஏசி அறையில் ஈரம் வற்றியதும் அமுங்கும்.

சக்கரத்தைத் திருப்புமுன் நாலு தந்தியையும் நாலைந்து செமிடோன் (அரைச்சுரம்) இறக்குங்கள். முழு இழுப்பில் திருப்பினால் குதிரையின் காலில் மரை பிய்ந்துவிடும். சக்கரத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். எம்6 மரை என்றால் ஒரு முழுச் சுற்று 1 மி.மீ., கால் அங்குல மரை என்றால் சுமார் 1.25 மி.மீ. இரண்டு சக்கரத்தையும் ஒரே அளவு திருப்புங்கள். முதலில் அரைச் சுற்று, பிறகு அளவு. ஒரு பக்கம் மட்டும் திருப்பினால் குதிரை சாய்ந்து ஒரு காலின் ஓரத்தில் நிற்கும். மரை 12 மி.மீ.க்கு மேல் வெளியே தெரியும் அளவுக்கு உயர்த்த வேண்டாம். அந்த நிலை வந்தால் குதிரையே குட்டை என்று பொருள்.

ஸ்டுடியோவுக்குள் நுழைந்ததும் சக்கரத்தைத் தொடாதீர்கள். மரம் அறையோடு ஒத்துப்போக இரண்டு மூன்று நாளாவது ஆகும். முதல் நாளே திருப்பியவர்கள் மூன்றாம் நாள் மறுபடி திருப்புகிறார்கள்.

கேள்வி: குதிரை ஃபிங்கர்போர்ட் பக்கமாகச் சாய்ந்துகொண்டே வருகிறது. கையால் தள்ளலாமா?
(வாசகர், கோயம்புத்தூர்)

தள்ளத்தான் வேண்டும், உடனே. ஒவ்வொரு முறை சுருதி ஏற்றும்போதும் தந்தி குதிரையின் தலையைத் தன்னோடு இழுத்துப் போகும். வாரக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் மரம் வில் போல் வளைந்து, ஒரு நாள் வெடி போட்ட மாதிரி விழும். தந்திகளை இரண்டு செமிடோன் இறக்கி, பேஸை மல்லாத்தி, இரண்டு கட்டைவிரலையும் குதிரையின் ஒரு பக்கமும் மற்ற விரல்களை மறுபக்கமும் வைத்து மேல்விளிம்பை மட்டும் நகர்த்துங்கள். கால்கள் நகரக் கூடாது. பின்முகம் மேல்பலகைக்குச் செங்குத்தாக வந்ததா என்று ஒரு மூலைமட்டத்தை வைத்துப் பாருங்கள். தந்திப் பள்ளங்களில் பென்சில் கரி போட்டிருந்தால் இந்தத் தொல்லை பாதியாகக் குறையும்.

ஏற்கெனவே வளைந்த குதிரையை ஆவி காட்டி, இரண்டு தட்டையான பலகைக்கு நடுவே கிளாம்ப் போட்டு இரண்டு மூன்று நாள் வைத்தால் நிமிரும். மெலிந்த குதிரை என்றால் மறுபடி வளையும். அதற்குப் புதிது வாங்குவதே மேல்.

கேள்வி: நாலு தந்தியையும் ஒன்றாகக் கழற்றினேன். உள்ளே ஏதோ உருண்டது. சவுண்ட்போஸ்ட் விழுந்துவிட்டதென்று நண்பர் சொன்னார். தந்தியை ஏற்றாமல் அப்படியே வைத்திருக்கிறேன். நானே நிறுத்த முடியுமா?
(வாசகர், திருச்சி)

தந்தியை ஏற்றாமல் வைத்தீர்களே, அதுவே பாதி வேலை. ஜி தந்திப் பக்கக் காலுக்குக் கீழே மேல்பலகையைத் தாங்குவது சவுண்ட்போஸ்ட் என்ற அந்தத் தூண் ஒன்றுதான். ஈ பக்கத்தில் உள்ளே ஒட்டிய பேஸ்பார் என்ற நீளச் சட்டம் உண்டு, இந்தப் பக்கம் எதுவும் இல்லை. தூண் இல்லாமல் முழு இழுப்பு கொடுத்தால் பலகை அமுங்கும், விரிசலும் விடும்.

நீங்கள் நிறுத்தலாம். இரண்டு மூன்று மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொண்டு, பொறுமை உள்ள ஒரு நாளில் உட்காருங்கள்.

முதலில் தூணை வெளியே எடுங்கள். மேல்பலகையில் எஃப் எழுத்து வடிவில் இருக்கும் எஃப் துளைப் பக்கம் உருட்டி, நீளமான இடுக்கியால் பிடித்துவிடலாம். சுமார் 18, 19 மி.மீ. பருமனுள்ள ஸ்ப்ரூஸ் உருளை அது. இரண்டு முனையையும் உற்றுப் பாருங்கள். நேராக வெட்டியிருக்காது; மேல்பலகை, பின்பலகை இரண்டின் வளைவுக்கும் ஏற்ற சரிவு இருக்கும். மேல்முனையின் சரிவு பொதுவாக அதிகம். பின்பலகை தட்டையானது என்றால் கீழ்முனை ஏறக்குறைய நேராக இருக்கும். எஃப் துளையிலிருந்து பார்த்தால் தெரியும் பக்கத்தில், மேல்முனைக்கு அருகே பென்சிலால் ஓர் அம்புக்குறி போடுங்கள். இந்தக் குறி இல்லாமல் உள்ளே விட்டவர்கள் தூணைத் தலைகீழாக நிறுத்திவிட்டு மாதக்கணக்கில் ஓசையைக் குறை சொல்வார்கள்.

தூணின் மர ரேகை மேல்பலகையின் ரேகைக்குக் குறுக்கே நிற்க வேண்டும். இரண்டும் ஒரே திசையில் இருந்தால் கடினமான கோடுகள் மெத்தென்ற கோடுகளுக்கு நடுவே பதிந்து பலகையில் காயம் செய்யும்.

இனி பார்ப்பதற்கு வழி. டெயில்பீஸைக் கழற்றினால், தரையில் ஊன்றும் கம்பியைப் பிடித்திருக்கும் எண்ட்பின் கட்டை கையோடு வந்துவிடும். அந்தத் துளையில் கண்ணை வைத்து, எஃப் துளை வழியாக ஒரு சின்ன எல்இடி விளக்கை உள்ளே தொங்கவிட்டால் பேஸின் உட்புறம் ஒரு மண்டபம் போலத் தெரியும். பலகைகளில் தூண் முன்பு நின்ற வட்டத் தடம் மங்கலாகத் தெரிவதும் உண்டு. போனில் மாட்டும் எண்டோஸ்கோப் கேமரா இருந்தால் கழுத்து வலிக்காது.

நிறுத்த வேண்டிய இடம்: ஜி பக்கக் காலுக்கு நேர் பின்னால், டெயில்பீஸ் பக்கமாக, காலின் பின் விளிம்பிலிருந்து சுமார் 15 மி.மீ. தள்ளி. பேஸுக்கென்று விற்கும் பெரிய எஸ் வடிவ செட்டர் என்ற, தூண் நிறுத்தும் கருவியின் கூர்முனையைத் தூணின் மேல்பாதியில் குத்தி, ஜி பக்க எஃப் துளை வழியாக உள்ளே விடுங்கள். முதலில் கீழ்முனையைப் பழைய தடத்தில் வையுங்கள். அதன்பின் மேல்முனையை உங்கள் பக்கம் இழுத்துவந்து, பலகைக்கு அடியில் சிக்கும்படி நிமிர்த்துங்கள். முதல் பத்துத் தடவை விழும். அது இந்த வேலையின் இயல்பு. நின்ற பிறகு செட்டரின் மறுமுனையால் மெல்லத் தட்டி, எண்ட்பின் துளை வழியாகப் பார்த்து, செங்குத்தாக்குங்கள்.

அதன் இறுக்கம் எவ்வளவு? தந்தி இல்லாமலே தானாக நிற்க வேண்டும். மெல்லிய தட்டுக்கு நகரவும் வேண்டும். அடித்துத்தான் உள்ளே போகிறது என்றால் இடம் தவறு, அல்லது தூண் நீளம். விளிம்புப் பக்கம் போகப் போகப் பலகை தாழும் என்பதால் அங்கே இறுகும், நடுப்பக்கம் வந்தால் தளரும். மேல்முனையைச் சுற்றிக் கண்ணாடியால் பாருங்கள். ஒரு பக்கம் வெளிச்சம் கசிந்தால் அந்தச் சரிவு பொருந்தவில்லை. ஒரு சிறு புள்ளியில் மட்டும் தாங்கும் தூண் பலகையைக் குத்தும்.

தந்தியை ஏற்றி ஒரு நாள் விட்டபிறகு ஓசையைக் கேளுங்கள். தூணைக் குதிரையின் பக்கம் நகர்த்தினால் ஓசை கூர்மையாகும், தள்ளினால் மென்மையாகும். ஒரு தடவைக்கு 1 அல்லது 2 மி.மீ. மட்டும் நகர்த்துங்கள், அதுவும் தந்தியைத் தளர்த்திய பிறகு. பழைய அளவை எழுதி வையுங்கள். தூணே தொலைந்துவிட்டால் தேக்கில் செய்துகொள்ள வேண்டாம், அது மேல்பலகையைவிடக் கடினம். ஸ்ப்ரூஸ் உருளையாகவே தருவித்து, தேவைக்கு 2 மி.மீ. நீளமாக வெட்டி, கொஞ்சம் கொஞ்சமாகச் சீவுங்கள்.

இனித் தந்தி மாற்றும்போது ஒன்றைக் கழற்றி, புதியதை ஏற்றி, சுருதிக்குக் கொண்டுவந்த பிறகே அடுத்தது.

கேள்வி: சென்னையில் வாங்கிய பேஸைக் கப்பலில் இங்கே கொண்டுவந்தோம். மார்கழியில் வீட்டு ஹீட்டர் போடத் தொடங்கியதும் கீழ்ச்சுரங்களில் கிர்ரென்று இரைச்சல். பின்பலகைக்கும் விலாவுக்கும் (பக்கப் பலகைக்கும்) நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு போகிற அளவு வாய் திறந்திருக்கிறது. மரவேலைப் பசையால் ஒட்டிவிடலாமா?
(வாசகர், டொராண்டோ)

தயவுசெய்து அந்தப் புட்டியை மூடி வையுங்கள். இந்த இணைப்பு திறந்ததே உங்கள் பேஸுக்கு நல்லது.

எப்படி என்று சொல்கிறோம். சென்னைக் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 70 சதவீத அளவில் இருக்கும். ஹீட்டர் ஓடும் வீட்டில், குளிர்காலத்தில், அது 20, 25க்குக் கூட இறங்கும். மரம் குறுக்கே சுருங்குகிறது. உங்கள் பேஸின் பின்பலகை தட்டையானது என்றால் உள்ளே குறுக்குச் சட்டங்கள் ஒட்டியிருக்கும். அந்தச் சட்டங்களின் ரேகை அகலவாக்கில் ஓடுவதால் அவை சுருங்காது, பலகை மட்டும் சுருங்கப் பார்க்கும். ஏதோ ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டும். வாத்தியம் செய்பவர்கள் பலகை விலாவோடு சேரும் இடத்தில் வேண்டுமென்றே விலங்குத் தோல் பசையை, நம் தச்சர்கள் வஜ்ஜிரம் என்பார்களே அதை, கொஞ்சம் நீர்க்க விட்டு ஒட்டுகிறார்கள். இணைப்பு திறந்தால் ஒரு மணி நேர வேலை. அது திறக்காமல் பிடித்துக்கொண்டிருந்தால் பலகை நீளத்துக்கும் பிளந்துவிடும். வஜ்ஜிரம் வெந்நீரில் இளகிவிடும்; ஃபெவிகால் வகை வெள்ளைப் பசை அப்படி எளிதாக விடாது. அது படிந்த மரத்தில் வஜ்ஜிரமும் அப்புறம் பிடிக்காது.

முதலில் அறையின் ஈரத்தைச் சரிசெய்யுங்கள். ஹ்யூமிடிஃபையரும் ஒரு சின்ன ஈரமானியும் வாங்கி, 40 முதல் 50 சதவீதத்தில் ஒரு வாரம் வைத்திருங்கள். வாய் பாதி மூடியிருக்கும். பிறகு மற்ற இணைப்புகளையும் சோதியுங்கள். விரல் முட்டியால் விளிம்பைச் சுற்றி இரண்டு அங்குலத்துக்கு ஒரு தட்டு. ஒட்டியிருக்கும் இடம் 'டக்' என்று கெட்டியாகக் கேட்கும்; திறந்த இடம் இரண்டு சீட்டுகள் மோதிக்கொள்வதுபோல் சளசளக்கும். சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள்.

பசை தயாரிப்பு: வயலின் வேலைக்கென்று விற்கும் குருணை வஜ்ஜிரம் ஒரு பங்கு, குளிர்ந்த நீர் இரண்டு பங்கு, எடைக்கணக்கில். ஒரு மணி நேரம் ஊறவிட்டால் ஜவ்வரிசி போல் உப்பும். அதை ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டு வெந்நீர்ப் பாத்திரத்தில் இறக்கி 60 டிகிரி செல்சியஸில் வையுங்கள். கொதிக்கவே கூடாது, 70ஐத் தாண்டினாலே பலம் போகத் தொடங்கும். குச்சியில் எடுத்துத் தூக்கினால் முதலில் நூலாக இறங்கி, பிறகு சொட்டாக உடைய வேண்டும். நூல் அறாமல் தொங்கினால் கெட்டி, கொஞ்சம் வெந்நீர் விடுங்கள்.

கிளாம்புக்கு நீள போல்ட்டில் இரண்டு மர உருளைகளைக் கோத்து, தொடும் இடத்தில் கார்க் ஒட்டினால் போதும். நூல் சுற்றும் கட்டை மாதிரி இருப்பதால் ஸ்பூல் கிளாம்ப் என்று பெயர். 20 செ.மீ. திறப்புக்கு ஐந்தாறு வேண்டும். தந்திகளைத் தளர்த்துங்கள். பசை இல்லாமல் ஒரு முறை கிளாம்ப் போட்டு வாய் முழுதும் மூடுகிறதா என்று பாருங்கள். பலகை சுருங்கி விலா வெளியே துருத்திக்கொண்டிருந்தால் பலவந்தமாக அழுத்தாதீர்கள், அது பட்டறை வேலை.

மூடுகிறது என்றால்: மெல்லிய வளையும் கத்தியை வெந்நீரில் முக்கி உள்ளே ஓட்டிப் பழைய பசையை இளக்கி, துணியால் துடைத்தெடுங்கள். மூன்று நான்கு முறை. ஹேர் டிரையரால் அந்த ஓரத்தை வெதுவெதுப்பாக்குங்கள். குளிர்ந்த மரத்தில் வஜ்ஜிரம் தொட்ட கணமே உறைந்துவிடும். அதே கத்தியால் பசையை உள்ளே தள்ளி, ஒரு நிமிடத்துக்குள் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் கிளாம்புகளை இறுக்குங்கள். ஓரத்தில் வரிசையாகச் சிறு மணிகள் போலப் பசை பிதுங்கினால் போதுமான அளவு இருக்கிறது என்று அர்த்தம். வெந்நீர்த் துணியால் துடைத்துவிட்டு 24 மணி நேரம் தொடாதீர்கள்.

கேள்வி: டி தந்தியில் இரண்டு மூன்று சுரங்களில் மட்டும் இரைச்சல். எதைப் பார்ப்பது?
(மாணவர், மதுரை)

அந்தத் தந்தியில் மட்டுமா, அதே சுரத்தை ஏ தந்தியில் மேலே பிடித்தாலும் வருகிறதா? இரண்டிலும் வந்தால் தளர்ந்த ஏதோ ஒன்று அந்தச் சுரத்துக்கு அதிர்கிறது. நண்பரை வாசிக்கச் சொல்லி ஒவ்வொன்றாக விரலால் அழுத்துங்கள்: சுருதி மெஷினின் திருகுகள், குதிரைச் சக்கரங்கள், டெயில்பீஸைப் பிடிக்கும் கம்பி, எண்ட்பின் திருகு, எஃப் துளையின் நாக்கு, பிக்கப் வயர். எதை அழுத்தினால் நிற்கிறதோ அதுதான். எதிலும் நிற்கவில்லை என்றால் மேலே சொன்னபடி தட்டி இணைப்புகளைச் சோதியுங்கள்.

டி தந்தியில் மட்டும் வந்தால் ஃபிங்கர்போர்ட். தந்தியை நட்டில் ஒருவரும் பலகையின் கடைசியில் ஒருவரும் அழுத்திப் பிடியுங்கள். நேராக இழுத்த தந்தியே உங்கள் அளவுகோல். நடுவில் ஜி பக்கம் சுமார் 1 மி.மீ., ஈ பக்கம் சுமார் 2 மி.மீ. இடைவெளி இருந்து, இரு முனைக்கும் சீராகக் குறைய வேண்டும். ஏதாவது ஓர் இடத்தில் மேடு தெரிந்தால் அங்கே சாக்பீஸ் தடவி, ஸ்க்ரேப்பரால் அந்த மேட்டை மட்டும் சுரண்டுங்கள். 180, 320 உப்புத்தாள், பிறகு ஒரு துளி ஆளிவிதை எண்ணெய். இடைவெளியே இல்லை, அல்லது பலகை முழுதும் முறுக்கியிருக்கிறது என்றால் முழுநீள இழைப்பு வேண்டும். அதைப் பழகிய கை செய்யட்டும். மலிவான பேஸில் ஒரு எச்சரிக்கை: சுரண்டியதும் வெள்ளை மரம் தெரிந்தால் அது கருங்காலி அல்ல, கறுப்புச் சாயம்.

கேள்வி: ஏ தந்தியில் மேலே ஜி, ஏ பக்கம் சுரம் உறுமி உடைகிறது. வேறெங்கும் இல்லை.
(வாசகி, பாண்டிச்சேரி)

அது பழுதல்ல, உல்ஃப். உடலின் சொந்த அதிர்வும் நீங்கள் வாசிக்கும் சுரமும் மிக நெருங்கும்போது இரண்டும் இழுபறி போடுகின்றன. குதிரைக்கும் டெயில்பீஸுக்கும் நடுவே உள்ள தந்தித் துண்டில் மாட்டும் ரப்பர் வைத்த பித்தளைக் குழாய் கிடைக்கும். ஏ தந்தியில் மாட்டி, குதிரைப் பக்கமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். உறுமல் அடங்கும் புள்ளி 5 மி.மீ. அகலம்கூட இருக்காது, தாண்டிவிடாதீர்கள். அடங்கவில்லை என்றால் டெயில்பீஸ் கம்பியின் நீளத்தை மாற்றிப் பார்க்கலாம். அந்தத் தந்தித் துண்டு முழுத் தந்தியில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 105 செ.மீட்டருக்கு 17.5 செ.மீ., இருப்பது நல்ல தொடக்கம்.

கேள்வி: பேஸ் சாய்ந்து விழுந்து, கழுத்து உடலோடு சேரும் இடத்தில் மயிரிழை போல விரிசல். எங்கள் ஆசாரி அரால்டைட் விட்டு இறுக்கித் தருவதாகச் சொல்கிறார்.
(வாசகர், தஞ்சாவூர்)

வேண்டாம் ஐயா. ஆசாரியின் கைத்திறனில் குறை இல்லை, பசைதான் பொருத்தமில்லை. நூறு கிலோ இழுப்பு அந்த இடத்தைத்தான் மடக்கப் பார்க்கிறது. அரால்டைட் போன்ற எப்பாக்ஸி மரத்துக்குள் ஊறிக் கெட்டியானபின் பட்டறையில் அதைச் சுத்தம் செய்து மறுபடி பொருத்த வழியில்லாமல் போகும்; சரிசெய்யக்கூடிய கழுத்தை மாற்ற வேண்டிய கழுத்தாக்கிவிடும். இன்றே தந்திகள் நாலையும் தளர்த்துங்கள். குதிரையைக் கழற்றி, தூண் விழாதபடி பேஸை அசைக்காமல் மல்லாத்தி வையுங்கள். விரிசலுக்குள் எண்ணெய், பாலிஷ் எதுவும் போகக் கூடாது. நல்ல வெளிச்சத்தில், பக்கத்தில் ஸ்கேல் வைத்து, மூன்று கோணத்தில் படம் எடுத்து பட்டறைக்கு அனுப்புங்கள். தூணுக்கு நேர் மேலே அல்லது பேஸ்பார் ஓரமாக விரிசல் கண்டவர்களும் இதையே செய்யலாம்.